குதிரை ஏறலாம், நான் ஏறக்கூடாது

கோபியிலிருந்து கோவை போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த வயதான அம்மா திடீரென்று குரலை உயர்த்தினார்.

"குதிரை ஏறலாமாம், பெத்தவ நான் ஏறக் கூடாதாமுங்க!"

"எதுலீங்க அக்கா?"

"எம்பையன் ஓட்டற பிளேன்லதான். ஷார்ஜாவுல சரக்கு பிளேன் ஓட்டறானில்லீங்க. இப்ப மெட்ராசுக்கு வாரானாமா. பேரனப் பாக்கோணும், திரும்பறப்ப என்னையும் கூட்டிட்டுப் போ கண்ணுன்னு போன்ல கேட்டேன். பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வெச்சிருக்கறேன். முடியாதுங்கறான்."

"அவரு கம்பெனி பிளேன்தானுங்களே?"

"பிளேன் இவன் கம்பெனியோடதுதான். ஆனா ஒரு பெரிய பார்சல் கம்பெனிக்காரன் அதை முழுசா கான்ட்ராக்ட் எடுத்துப்போட்டானாமா. அவன் ஏத்தறதுதான் ஏறோணுமாம். குதிரை ஏத்தறான். கூண்டு கூண்டா கோழிக்குஞ்சு ஏத்தறான். போன தடவை ஒரு பொணங்கூட வந்துச்சாமுங்க, பெட்டில."

"அட சாமி!"

"பொணத்துக்கு இருக்கற எடம், ஓட்டறவனப் பெத்தவளுக்கு இல்லீங்களா? அப்ப நான் செத்தாத்தான் எம்பையன் பிளேன்ல போக முடியுமாட்ட இருக்குது!"

"வாயக் கழுவுங்க அக்கா."

கண்டக்டர் வந்தார். அந்த அம்மாவின் காலடியில் இருந்த தேங்காய் மூட்டையைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இதுக்கு லக்கேஜ் போடோணுங்க."

"மூட்டைக்கு ஆள் டிக்கெட்டே போடுங்க சாமி. எனக்கு லக்கேஜ் போட்டுருங்க. சரக்குன்னாத்தான ஏத்தறாங்க."