தராசு நின்ன பிறகு ஒரு கைப்பிடி

…நாலு வருஷம் ஹாஜியாரே, நாலு வருஷம்! எதுக்கு? யாவாரம் படிக்க! சிரிப்பு வரல உங்களுக்கு? மூச்சு விடக் கத்துக்கப் போறேன்னு யாராவது பல்கலைக்கழகம் போவானா? வாங்க, நிழல்ல நில்லுங்க. தர்காவுக்குப் போயிட்டுத்தானே வர்றீங்க? தன்தா ஊருக்கு வந்துட்டு நம்ம மித்வல்லி கடை வறுத்த கொண்டைக்கடலை வாங்காமப் போனா வந்ததே பாதிதான். ஒரு கிலோவா… அரையா. சரி, அரை.

என் மக நஷ்வாவைத்தான் சொல்றேன். மார்க்கைப் பாத்து அரசாங்கம் வணிகப் படிப்புல தள்ளிருச்சு. போய்த் தொலைன்னு விட்டேன். படிச்சு முடிச்சு வந்து என்ன பண்ணா தெரியுமா? நோட்டும் பேனாவுமா இந்த ஸ்டூல்ல உக்காந்தா. தர்கா கந்தூரித் திருவிழா முழுக்க! ஒரு கடலை விக்கல. வர்றவங்கள எல்லாம் விசாரிக்கிறா. எந்த ஊரு, போன வருஷம் வந்தீங்களா, இந்தக் கடைக்கே ஏன் திரும்ப வந்தீங்க… நான் கடை நடத்தறேனா, போலீஸ் ஸ்டேஷன் நடத்தறேனா?

கடைசியில மகாராணி கண்டுபிடிச்சது என்ன? எடை போட்டு முடிச்சப்புறம் பரக்கத்துக்குன்னு ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவோமே, அதுக்குத்தான் சனம் திரும்ப வருதாம். கடலைக்கு இல்லையாம்! "அதை மட்டும் நிறுத்திராதீங்க பாபா"ன்னு உயிரை வாங்கினா. வெலை ஏறிக் கெடக்கறப்ப ஊருக்கெல்லாம் அள்ளி வீசவா? நிறுத்தினேன். இதைச் சொல்ல ஒரு பட்டம்! கையெழுத்துப் போடத் தெரியாத எங்கப்பாதான் அந்தக் கைப்பிடியையே ஆரம்பிச்சு வச்சாரு… ம். அது வேற விஷயம்.

நல்லாக் கேட்டேன். "அவ்வளவு பெரிய படிப்பா? எதிர்ல ஒரு கடை பூட்டிக் கெடக்கு, அங்க போய் வித்துக் காட்டு"ன்னேன். சும்மா வாய்ப்பேச்சு ஹாஜியாரே! பெத்தவன் கோவத்துல சொன்னா, அழுதுட்டு உள்ள போக வேணாமா? மறுநாளே சாவி வாங்கிட்டா! பத்து மாசமாச்சு. நடுவுல இந்தச் சந்துதான். ஒரு சலாம் கெடையாது. இல்ல… காலையில கடை தெறக்கும்போது அவ சொல்லுவா. நான்தான் பதில் சொல்றதில்ல. பாவம்தான், தெரியும். மனசுக்குள்ள சொல்லிக்கிறேன்.

என்ன எட்டிப் பாக்கறீங்க? அவ கடைக் கூட்டமா? சும்மா கெடைக்கறதுக்கு அலையற கூட்டம். போன வருஷம் வரைக்கும் இங்கதான் நின்னுச்சு…

இந்தாங்க, அரைக்கிலோ. முள்ளு நட்டமா நிக்குது பாத்துக்கங்க. ஏன் பையை விரிச்சுப் புடிச்சுக்கிட்டே நிக்கறீங்க? வேறென்ன வேணும்? ஓ… அதுவா. அதெல்லாம் நிறுத்தியாச்சு.

என்ன, திரும்பக் கொட்டறீங்க? ஹாஜியாரே! அங்க எங்க போறீங்க? அட, நில்லுங்க! கைப்பிடிதானே? போடறேன், வாங்க! ரெண்டாப் போடறேன்! ஹாஜியாரே…

சரி, போங்க. நான் இப்படிக் கத்தினதை மட்டும் அவகிட்டச் சொல்லிராதீங்க!