சாம்பல் அட்டை

– நிறுத்து மாப்பிள. யார் போட்டது இதை?

– எதை மச்சான்?

– இப்ப ஓடிக்கிட்டிருக்கே, அந்த ரெக்கார்டை.

– நான்தான். இந்தப் பட்டறையில நம்ம ரெண்டு பேரை விட்டா வேற யாரு? பழுதுக்கு வந்த பியானோவா எழுந்து போய்ப் போடும்?

– அந்தச் சாம்பல் அட்டை ரெக்கார்டை... நீ?

– ஏன், விஷமா?

– இருபத்திரண்டு வருஷமா அது இந்த வாசப்படி ஏறினதில்ல. ஏறக் கூடாதுன்னு சொன்னவனே நீதான். "நாம உசுரா கேட்ட பேண்ட் செத்துப் போச்சு, இது அதோட போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்"னு சொன்ன.

– அப்ப வயசு. வாய் நீளம்.

– இப்ப?

– இப்பக் கேட்டுப் பார்த்தேன். மோசமில்ல. கொஞ்சம் தள்ளி நில்லு, அந்த ஃபெல்ட் துணி மேல கை வைக்காத, பசை காயல.

– பேச்சை மாத்தாத. இதுல டிரம்ஸ் யாரு?

– உனக்குத் தெரியாதா?

– உன் வாயால கேக்கணும்.

– தச்சன்.

– அந்தப் பேரை வச்சது?

– நான்தான். ஆணி அடிக்கிற மாதிரி அடிக்கிறான்னு வச்சேன், ஒத்துக்கிறேன். ஆனா ஒண்ணு... ஆணி நேரா இறங்குது மச்சான். சிம்பல் தட்டைத் தொட்டுத் தொட்டு அழகு காட்டல. பெரிய டிரம் உண்டு, அவன் உண்டு.

– அப்ப பழைய டிரம்மர் மழைக்காரன் அழகு காட்டினவனா?

– நான் அப்படிச் சொல்லல.

– அப்படித்தான் சொன்ன. பச்சை அட்டை ரெக்கார்டுல அவன் சிம்பலைக் கேட்டுட்டு, தகரக் கூரையில மழை விழுற மாதிரி இருக்குன்னு பேர் வச்சதும் நீதான். அவன் பேண்டை விட்டுப் போறான்னு தெரிஞ்சப்ப மூணு நாள் சாப்பிடல.

– ரெண்டு நாள்.

– மூணு. என் தங்கச்சி எண்ணி வச்சிருக்கா.

– அப்ப அவளுக்கும் எனக்கும் பேச்சே கிடையாது. நான் உங்க வீட்டுக்கு ரெக்கார்ட் இரவல் வாங்க வர்றவன்.

– இரவல் வாங்கினதைத் திருப்பித் தர வந்தவன், வீட்டுப் பொண்ணைக் கூட்டிட்டுப் போன. ரெக்கார்டும் இன்னும் திரும்பி வரல.

– ரெண்டையும் கீறல் விழாமத்தானே வச்சிருக்கேன்?

– சிரிக்காத. நான் சிரிக்கிற நிலையில இல்ல.

– என்னதான் ஆச்சு உனக்கு? வந்ததுலேருந்து போலீஸ்காரன் மாதிரி நிக்கிற.

– நாலு மணிக்கு மியூசிக் ஸ்கூல் மேடம் வர்றாங்க. முப்பத்தோரு பியானோவைப் பராமரிக்கிற கான்ட்ராக்ட். அஞ்சு வருஷம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். இப்ப மணி மூணே முக்கால்.

– தெரியும். பேனா கூட எடுத்து வச்சிருக்கேன்.

– போட்டுட்டு அஞ்சு வருஷமும் இருப்பியா?

– இது என்ன கேள்வி?

– பதில் சொல்லு. நான் மரம் இழைக்கிறவன், ஃபெல்ட் ஒட்டுறவன், பியானோவுக்குள்ள உடைஞ்ச சுத்தியல் மாத்துறவன். ஸ்ருதி சேக்குற காது உன்னோடது. அந்த மேடம் இவ்வளவு தூரம் வர்றதே உன் காதை நம்பித்தான். நீ பாதியில போயிட்டா நான் பட்டறையைப் பூட்டிட்டு வாசல்ல உக்கார வேண்டியதுதான்.

– நான் எங்க போகப் போறேன்?

– தாடிகிட்ட.

– யாரு... பாலத்துக்கு அந்தப் பக்கம் கடை வச்சிருக்கிற தாடியா?

– ஊர்ல எத்தனை பியானோக் கடை இருக்கு? நம்மளுது ஒண்ணு, அவனுது ஒண்ணு.

– உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு மச்சான்.

– இந்த ஊர்ல தச்சனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுறவன் அவன் ஒருத்தன்தான். கடைச் சுவத்துல சாம்பல் அட்டையை ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கான். பழைய அணி வெறும் அலங்காரம், தச்சன் வந்தப்புறம்தான் பேண்டுக்கு முதுகெலும்பு வந்துச்சுன்னு போறவன் வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லுவான். நீ இப்பப் பேசினது அவன் பேச்சு. வார்த்தை மட்டும்தான் வேற.

– ஒரு டிரம்மரைப் பிடிச்சதுக்கா இவ்வளவு?

– மனுஷன் கட்சி மாறுவான், வேலை மாறுவான். நாப்பத்தெட்டு வயசுல பிடிச்ச டிரம்மரை மாத்த மாட்டான். யாராவது பக்கத்துல உக்காந்து மாத்தினாத்தான் உண்டு. நமக்குன்னு ஒரு முறை இருந்துச்சு. பேண்டுல ஆள் மாறுறப்பல்லாம் புது ரெக்கார்டை மூணு தடவை முழுசா கேக்கணும், அப்புறம்தான் தீர்ப்பு. புல்லாங்குழல்காரன் போனப்பவும் அப்படித்தான், பாடுறவன் மாறினப்பவும் அப்படித்தான். சாம்பல் அட்டைக்கு மட்டும் நீ முதல் பாட்டுப் பாதியிலயே ஊசியைத் தூக்கின. மூணு தடவை கேப்போம்டான்னு நான் கெஞ்சினேன்.

– அதான் இப்பக் கேக்குறேனே.

– இருபத்திரண்டு வருஷம் கழிச்சா? சரி... சனிக்கிழமை மூணு மணிக்கு எங்க போற?

– எந்தச் சனிக்கிழமை?

– எல்லாச் சனிக்கிழமையும். மூணு வாரமா.

– ஒரு வீட்டுல டியூனிங்.

– எந்த வீடு? நோட்டுல எழுதலையே.

– பழக்கப்பட்டவங்க... சும்மா போய்ப் பார்த்துட்டு வந்தேன்.

– மாப்பிள, போன சனிக்கிழமை நான் உன்னைப் பார்த்தேன். தாடி கடை இருக்கிற கட்டடத்துக்குள்ள நுழைஞ்ச. நான் பஸ்ஸுல இருந்தேன். கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தேன், வேற ஆளா இருக்கக் கூடாதான்னு. பொய்யின்னு சொல்லு. நம்புறேன்.

– நுழைஞ்சேன். அது பெரிய கட்டடம். அதுல அவன் கடை மட்டுமா இருக்கு?

– அப்ப வேற எங்க போன?

– ... அதை விடு.

– சரி, விட்டேன். பேண்டை விட்டு வாத்தியார் எப்படிப் போனான்னு ஞாபகம் இருக்கா?

– ஆர்கன் வாசிச்சவன் கதை இப்ப எதுக்கு?

– ஒரு வருஷம் முன்னாடியே வேற ஆளுங்களோட ரெக்கார்ட் பண்ணிக்கிட்டிருந்தான். மேடைக்கு வந்தா இவங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே வாசிச்சான். பேஸ் கிட்டார் வாசிச்ச பேஸ்காரன் அதைப் பேப்பர்ல படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டான். பேப்பர்ல! ஆரம்பிச்ச அஞ்சு பேர்ல கடைசி வரைக்கும் நின்னவன் அவன் ஒருத்தன்தான். அவன்கிட்ட எவனும் முன்னாடி சொல்லல.

– வாத்தியார் போனதாலதான் அந்த வயலின்காரி வந்தா. அவ வாசிச்சதைக் கேட்டு நீ அழுதிருக்க.

– அழுதேன். இப்பவும் அழுவேன். அதுக்காக வாத்தியார் செஞ்சது நியாயமாயிடுமா? பேப்பர் படிச்சுத் தெரிஞ்சுக்கிற ஆளா நான் இருக்க மாட்டேன். போறதா இருந்தா என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லிட்டுப் போ.

– நான் போகல.

– வேலையிலயும் உனக்கு மனசு இல்ல.

– யார் சொன்னா? கம்ப்ளெயின்ட் வந்துச்சா?

– ... இல்ல.

– கண் டாக்டரம்மா அவங்க வீட்டுப் பியானோவைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா? அந்த டான்ஸ் டீச்சர்?

– யாரும் ஒண்ணும் சொல்லல. ஏன் இப்படிப் பதறுற?

– பதறல.

– டியூனிங் சாவியைத் தலைகீழாப் பிடிச்சிருக்க.

– காலையிலேருந்து அதைத்தானே திருகிட்டிருக்கேன், அசதி. மேஜையைத் துடை மச்சான், அந்தம்மா வந்து உக்காரணும்.

– இரு. ஒண்ணு கொண்டு வந்திருக்கேன். பையில பாரு.

– பச்சை அட்டையா! ஏது இது?

– புதுசா அச்சுப் போட்டிருக்கானுங்க. உனக்குக் காட்டணும்னுதான் வாங்கினேன். அப்புறம் உன்னை அந்தக் கட்டடத்துல பார்த்துட்டேனா... எடுக்கவே மனசு வரல.

– போடு, கேப்போம்.

– ரெண்டாம் பக்கம். கடைசி.

– அந்த இடமா... எல்லாரும் நிறுத்திடுவாங்க. பேஸ்காரன் மட்டும் தனியா ஏழு ஏழா எண்ணிக்கிட்டுப் போவான்...

– எனக்கே பாட்டுச் சொல்லித் தராத. கண்ணை மூடிக்கிட்டுக் கேளு.

– ...

– ...

– ... வந்துடுச்சு.

– எது?

– மணி. மழைக்காரன் அந்தச் சின்ன மணியைத் தொடறான். ஒண்ணு... ரெண்டு... மூணு...

– ...

– ஆறு... ஏழு. எத்தனை தடவை கேட்டாலும் மச்சான், அந்த ஏழாவது மட்டும் ஒரு நூல் பின்னாடி வருது பாரு! அவனைத் தவிர எவனாலயும் முடியாது. தச்சனுக்கு இது வராது, நீ சொல்றது சரிதான். திருப்தியா? நான் கட்சி மாறல.

– மாப்பிள.

– சொல்லு.

– இதுல மணி இல்ல.

– என்ன இல்ல?

– புது அச்சுல அந்த மணியை எடுத்துட்டானுங்க. தவறிப் போச்சோ, வேணும்னு பண்ணினானுங்களோ. அதைக் காட்டத்தான் போட்டேன். நீ எகிறிக் குதிப்ப, ரெண்டு பேரும் சேர்ந்து அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டலாம், அப்படியாவது பழையபடி பேசுவோம்னு நெனச்சேன். ஆனா நீ ஏழு வரைக்கும் எண்ணின.

– பழக்கம்... மனசுல ஓடுது...

– ஏழாவது ஒரு நூல் பின்னாடி வருதுன்ன. என்னைப் பாரு. இல்லாத மணியைக் கேட்டேன்னு ஏன் சொல்ற?

– இருந்திருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது மச்சான். அதனால இல்லன்னு தெரியல. பேஸை வச்சு எண்ணினேன்.

– புரியல.

– அந்தக் கட்டடத்துல மூணாவது மாடியில காது டாக்டர் இருக்கார். தாடி கடைப் பக்கம் நான் திரும்பிக் கூடப் பாக்கல. லிஃப்ட் அவன் வாசல்ல இருந்தா அதுக்கு நான் என்ன பண்ண?

– காதுக்கு என்ன?

– உச்ச ஸ்தாயியில சன்னமா வர்ற சத்தமெல்லாம் ஒவ்வொண்ணா போயிட்டிருக்கு. முதல்ல மணி போச்சு. அப்புறம் சிம்பல். மழைக்காரன் வாசிச்சா, ஒரு ஆள் காத்துல வெறுங்கையை வீசுற மாதிரி இருக்கு. வயலின்காரி மேல ஏற ஏறக் காணாமப் போயிடுறா. தச்சன் ஒருத்தன்தான் எனக்கு முழுசா கேக்குறான். அந்த ஒரு ரெக்கார்டுலதான் யாரும் குறையல. அதான் போட்டேன்.

– அப்ப அவனைப் புகழ்ந்ததெல்லாம்...

– பொய் இல்ல. வேற வழியில்லாமத்தான் கேட்டேன். ஆனா மூணு தடவையும் கேட்டேன். நல்லா வாசிக்கிறான் மச்சான். இத்தனை வருஷம் நான்தான் அவனைக் கேக்கவே இல்ல.

– என் தங்கச்சிக்குத் தெரியுமா?

– டிவி சத்தத்தைக் குறைன்னு கத்துவா. அவ்வளவுதான் தெரியும்.

– பியானோவுல? மேல் கட்டையெல்லாம்?

– கடைசிப் பத்துப் பன்னிரண்டு கட்டையில மரம் இடிக்கிற சத்தம் மட்டும்தான் வருது. டொக், டொக். கம்பி பேசுதா இல்லையான்னே தெரியல. கைப் பழக்கத்துல திருகிட்டு வந்துடுறேன்.

– எத்தனை நாளா?

– ஏழெட்டு மாசம். சொல்லணும் சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள இந்த கான்ட்ராக்ட் வந்துச்சு. நீ அன்னிக்கு விசிலடிச்சுக்கிட்டே பட்டறையைப் பெருக்கின. எப்படிச் சொல்ல? ஒரு கம்ப்ளெயின்ட் வரட்டும், அன்னிக்குச் சொல்லிடுவோம்னு காத்திருந்தேன். ஒண்ணு கூட வரல. டாக்டர்தான் தப்பாச் சொல்றாரோன்னு கூட நெனச்சுக்கிட்டேன். கார் வந்து நிக்குது. அது எனக்கு நல்லாவே கேக்குது. நானே அவங்ககிட்ட சொல்லிடுறேன் மச்சான். நீ வேற டியூனரை வச்சுக்க.

– உக்காரு.

– மச்சான்...

– உக்காருடா. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன். உள்ளதை உள்ளபடி சொல்றேன். கீழ் கட்டையெல்லாம் இவன் காது, மேல கடைசிப் பன்னிரண்டு கட்டைக்கு மீட்டர் வச்சு நான். சம்மதம்னா ரெண்டு கையெழுத்து. இல்லன்னா ரெண்டும் இல்ல.

– மீட்டரா? நீ எப்ப டியூனிங் கத்துக்கிட்ட?

– ஆறு மாசமாச்சு. போன்லயே இருக்கு, ஸ்ருதி சேந்தா பச்சை விளக்கு காட்டும். ஒரு கட்டைக்குக் கால் மணி நேரம் ஆகுது எனக்கு.

– எதுக்குக் கத்துக்கிட்ட?

– கண் டாக்டரம்மா போன் பண்ணினாங்க, மேல் கட்டையெல்லாம் கண்றாவியா இருக்குன்னு. போய்ச் சரி பண்ணினேன். டான்ஸ் டீச்சர் வீட்டுலயும் அதே கதை. அப்புறம் நீ போற வீட்டுக்கெல்லாம் மறுநாள் நான் போனேன். சும்மா ஒரு செக்கிங்னு சொல்லிக்கிட்டு.

– எல்லா வீட்டுக்குமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே...

– உன் காது தப்புப் பண்ணும்னு எனக்குத் தோணவே இல்ல மாப்பிள. எங்கயோ கிளம்பிட்டான், அதான் வேணும்னே கெடுத்துட்டுப் போறான்னு நெனச்சேன்.

– துரோகின்னு நெனச்சுக்கிட்டே ஆறு மாசம் என் பின்னாடி வந்து சரி பண்ணினியா? எதுக்குய்யா?

– கதவைத் தட்டுறாங்க, மூஞ்சியைத் துடை... எதுக்குன்னா, போறவன் நல்ல பேரோட போகட்டும்னுதான்.