முன் சக்கரத்தடியில் ஒரு சொட்டு

தம்பி: நாற்பத்தோரு மணி நேரம், அக்கா. ஒரு சொட்டு இல்ல. பந்தயம் முடிய இன்னும் ஏழே மணி நேரம்தான்.

அக்கா: ம்.

தம்பி: என்ன வெறும் ‘ம்’? எஞ்சின் இடுக்கை அடைக்கிற பழைய கேஸ்கெட்டையே திருப்பிப் போட்டா எண்ணெய் ஒழுகும்னு அப்பா தெருவையே கூட்டி வச்சுச் சொன்னாரே. இப்ப பைக்குக்கு அடியில இருக்கிற பேப்பரைப் பாரு. அப்படியே எடுத்துப் படிக்கலாம்.

அக்கா: படிக்கலாம். அதுவும் சுடச்சுட.

தம்பி: அப்படின்னா?

அக்கா: இது வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு விரிச்ச பேப்பர். அதுல ஞாயித்துக்கிழமை குறுக்கெழுத்து எப்படிடா வந்தது?

தம்பி: காத்துல பறந்து வந்திருக்கும்.

அக்கா: அப்பா காலையிலேர்ந்து இன்னிக்குப் பேப்பரைத் தேடுறார். பேப்பர் போடுறவருக்கு போன் பண்ணி ஒரு பாட்டம் திட்டியும் ஆச்சு.

தம்பி: மெதுவாப் பேசு. முன்னறையில அப்பாவோட தையல் மெஷின் சத்தம் நின்னு போச்சு.

அக்கா: நூல் கோக்கிறார். கண்ணாடி போடாம கோப்பார், அதனால அஞ்சு நிமிஷம் ஆகும். சொல்லு.

தம்பி: ஒரே ஒரு சொட்டுதான். பருப்பளவு. காலையில ஆறு மணிக்குப் பார்த்தேன். மாத்திட்டேன்.

அக்கா: என்னைத்தானே நடுவரா வச்சிருக்கீங்க ரெண்டு பேரும்? என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?

தம்பி: சொன்னா நீ அப்படியே அப்பாகிட்ட ஒப்பிச்சுடுவே. காலேஜ் லேப்ல தப்பா வந்த விடையைக் கூட அப்படியே எழுதிக் குடுத்தவ நீ.

அக்கா: அதுக்குப் பாதி மார்க் குடுத்தாங்க.

தம்பி: எனக்குப் பாதி வண்டி குடுக்க மாட்டாங்களே. சொட்டு விழுந்தா அஞ்சு மணிக்குப் பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிட்டுப் போயிடுவார். நாளைக்குக் காலையில நான் வேலையில சேரணும். சொந்தமா வண்டி இருக்கான்னு கேட்டாங்க, இருக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்.

அக்கா: நீ சொன்ன அன்னிக்கு வண்டி அக்கு வேற ஆணி வேறயா ரெண்டு வாளியில கிடந்தது.

தம்பி: இருந்துச்சுல்ல? நான் பொய் சொல்லலையே.

அக்கா: சரி, எந்தக் கேஸ்கெட் ஒழுகுது? மேல இருக்கிற செப்பு வளையமா?

தம்பி: அதை அடுப்புல சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டவ நீ. பழைய செம்பு இளகிப் புதுசு மாதிரி ஆயிடும்னு பாடம் எடுத்தவளும் நீ.

அக்கா: அது இளகிடுச்சு. அதுல சந்தேகமே இல்ல. அப்ப, கிளட்ச் கவருக்கு உள்ள இருக்கிறது?

தம்பி: அதை பிளேடால உரிச்சு, மண்ணெண்ணெய்ல துடைச்சு, கிரீஸ் தடவி, தூங்குற குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வச்சேன். ஓரத்துல கிழிஞ்சது கூட நீ தும்மினதாலதான்.

அக்கா: மிச்சம் இருக்கிறது அட்டையில வெட்டினது ஒண்ணு.

தம்பி: அதைப் பத்திப் பேசாதே.

அக்கா: அப்பாவோட அளவு நோட்டு அட்டை.

தம்பி: பேசாதேன்னேன்ல. அதை அவரோட கத்திரியாலயே வெட்டியிருக்கு. தெரிஞ்சா என்னைத்தான் வெட்டுவார்.

அக்கா: அந்த அட்டையும் ஒழுகாது. நட்டு எல்லாத்தையும் அம்மா சொன்ன மாதிரிதானே முறுக்கினோம்? எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா.

தம்பி: ஆமா, எனக்கு அன்னிக்கே ஆச்சரியம். அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

அக்கா: கேட்டேன். குக்கர் கேஸ்கெட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பழக்கம்னாங்க.

தம்பி: குக்கர்ல நட்டே கிடையாதே.

அக்கா: ...அதுவும் சரிதான். அதை விடு. சொட்டு எங்க விழுந்தது? சரியா இடத்தைக் காட்டு.

தம்பி: இங்க. முன் சக்கரத்துக்கு நேர் கீழ.

அக்கா: முன் சக்கரத்துல எஞ்சின் எண்ணெய்க்கு என்னடா வேலை?

தம்பி: வழிஞ்சு வந்திருக்கும்.

அக்கா: அந்தரத்துல நடந்தா? நீ எடுத்த பேப்பர் எங்க?

தம்பி: என் மெத்தைக்கு அடியில. இரு... இந்தா.

அக்கா: ம். நினைச்சேன்.

தம்பி: ஆனா ஒண்ணு புரியலக்கா. நாம விரிச்சது வெள்ளிக்கிழமை பேப்பர். நான் எடுத்தது இது. இதுல சனிக்கிழமைன்னு போட்டிருக்கே.

அக்கா: நேத்து மத்தியானம். நீ குளிக்கப் போனப்ப.

தம்பி: நீயா? நடுவர் நீயா?

அக்கா: அந்தப் பேப்பர்லயும் ஒரு சொட்டு இருந்தது. இதே இடத்துல. உன் மூஞ்சி ஞாபகத்துக்கு வந்தது. மாத்திட்டேன்.

தம்பி: அக்கா, நீ தெய்வம்.

அக்கா: தெய்வம் அப்புறம் இருக்கட்டும். இந்தச் சொட்டை நல்லாப் பாரு. என்ன நிறம்?

தம்பி: நிறமே இல்ல. பேப்பர் நனைஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு.

அக்கா: நம்ம எஞ்சின்ல ஊத்தின எண்ணெய் தேன் நிறம். ரெண்டு நாளா காலையிலயும் சாயங்காலமும் பத்துப் பத்து நிமிஷம் ஓட விட்டதுல கறுத்திருக்கவே வேணும். இப்ப ஓரத்தைப் பாரு.

தம்பி: சுத்தியும் பொடிப்பொடியாத் தெறிச்சிருக்கு.

அக்கா: எஞ்சின் தரையிலேர்ந்து ஒரு சாண் உயரம். அங்கேர்ந்து விழுந்தா இப்படித் தெறிக்காது. இது இடுப்பு உயரத்துலேர்ந்து விழுந்திருக்கு. குனிய முடியாத ஆள் நின்னுக்கிட்டே விட்டிருக்கார்.

தம்பி: குனிய முடியாத ஆள்னா...

அக்கா: மோந்து பாரு.

தம்பி: தையல் மெஷின் எண்ணெய்.

அக்கா: அப்பா, கொஞ்சம் இங்க வாங்க.

அப்பா: சட்டைக்குக் கை வச்சுக்கிட்டு இருக்கேன்.

அக்கா: சட்டை ஓடிப் போகாது. டேப் கழுத்துலயே இருக்கட்டும், வாங்க.

அப்பா: என்ன? சொட்டு விழுந்துடுச்சா? நான்தான் அன்னிக்கே சொன்னேனே. பழைய கேஸ்கெட் பழைய கேஸ்கெட்தான். இரும்புக்காரருக்கு போன் பண்ணட்டுமா?

தம்பி: சொட்டு எங்க விழுந்ததுன்னு நீங்களே சொல்லுங்கப்பா.

அப்பா: முன் சக்கரத்... எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: ரெண்டு தடவை விட்டிருக்கீங்க. எங்க போச்சுன்னு தெரியாம ரெண்டு நாளாத் தவிச்சிருப்பீங்களே.

அப்பா: அதானே. நானும் விட்டு விட்டுப் பார்க்கிறேன், பேப்பர் பளிச்சுன்னு... சே.

தம்பி: அப்பா.

அப்பா: எண்ணெய் டப்பா மூடி லூசா இருக்கு. நடக்கிறப்ப விழுந்திருக்கும்.

அக்கா: மெஷின் முன்னறையில. வண்டி பின்னறையில. டப்பாவைக் காத்தாட நடக்கக் கூட்டிட்டு வந்தீங்களா?

அப்பா: உன்னைப் படிக்க வச்சது தப்பாப் போச்சு.

தம்பி: நாளைக்கு எனக்கு வேலைப்பா. வண்டி இல்லைன்னா அது போயிடும். தெரிஞ்சும் ஏன்ப்பா இப்படி?

அப்பா: ...சரி. நான் தோத்தேன். வண்டி உனக்குத்தான். கேஸ்கெட் நல்லாவே பிடிச்சிருக்கு, ஒத்துக்கிறேன். சாவி ஆணியில தொங்குது, எடுத்துக்கோ.

தம்பி: நிஜமாவா?

அப்பா: இப்பவே எடுத்துக்கிட்டுக் கிளம்பு. எங்கேயாவது போயிட்டு வா. ஆறு மணிக்கு மேல வா.

அக்கா: அஞ்சு மணிக்குத்தானே கெடு? ஒழுகலைன்னா முதல் ரவுண்டு நானே ஓட்டிக் காட்டுறேன்னு நீங்கதானே பந்தயம் கட்டினீங்க?

அப்பா: அது சும்மா ஒரு பேச்சுக்கு.

அக்கா: டீக்கடைக்காரர் வாசல்ல நாலு நாற்காலி போட்டு வச்சிருக்கார். எதிர்வீட்டு மாமா ஹெல்மெட்டைத் துடைச்சு அனுப்பியிருக்கார்.

அப்பா: இடுப்பு வலிக்குதும்மா.

தம்பி: மழையில மலை ஏறினப்ப மட்டும் வலிக்கலையா? நாற்பது மைல், கொண்டை ஊசி வளைவு, பிரேக் பிடிக்கல, பின்னாடி அம்மா பயத்துல கண்ணை மூடிக்கிட்டுத் தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை சொல்வீங்களே.

அப்பா: அது அந்தக் காலம்.

அக்கா: அன்னிக்கு சைலென்சர் சுட்ட தழும்பு கூட உங்க கால்ல இருக்கு.

அப்பா: இருக்கே. பாரு. கெண்டைக்கால்ல எப்படிப் பதிஞ்சிருக்குன்னு பாரு. சும்மா வந்ததா இது?

அக்கா: தம்பி, நீ வண்டியில முன்னாடி உட்காரு. வலது காலை வை. சைலென்சர்ல படுதா?

தம்பி: இல்ல. அது பின்னாடி தள்ளி இருக்கு. பின்னாடி உட்கார்ந்திருக்கிறவங்க கால்லதான்... படும்.

அக்கா: அப்பா?

அப்பா: உங்கம்மா எங்க?

தம்பி: கடைக்குப் போயிருக்காங்க.

அப்பா: கதவைச் சாத்து. நான் சொன்னேன்னு அவகிட்ட மூச்சு விடக் கூடாது. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு குடுத்த வாக்கை அவ இருபத்தாறு வருஷமாக் காப்பாத்திக்கிட்டு வர்றா.

அக்கா: என்னதுப்பா அது?

அப்பா: எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அன்னிக்கு மலையில ஓட்டினது உங்கம்மா. கண்ணை மூடிக்கிட்டுத் தோளைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டது நான்.