ஒன்பது செகண்ட் தலைவலி

— மன்னிப்புக் கேக்கத்தானக்கா வந்திருக்கேன். கதவத் தொறந்ததுலேர்ந்து அதத்தான் சொல்லிட்டிருக்கேன். மொத்தம் எத்தன தடவ கேக்கணும்னு சொல்லிடு, ஒரே மூச்சுல கேட்டுட்டுப் போறேன்.

— ஆயிரத்து நானூறு பேருடா! நம்ம கம்பெனில வேலை பாக்குற அத்தன பேருக்கும் அனுப்பியிருக்க.

— வேணும்னா அனுப்பினேன்? வாடிக்கையாளர் சேவைல ஒல்லி இருக்கான்ல, அவனுக்குன்னு நெனச்சு அமுக்கினேன். பட்டியல்ல ‘ஒல்லி’க்கு மேலயே ‘எல்லாரும்’ வந்து உக்காந்திருக்கு. அத அகர வரிசைல அடுக்கினது யாரு? நான்தான், பதினோரு வருஷம் முன்னாடி. அன்னைக்கு என் புத்திசாலித்தனத்த நானே மெச்சிக்கிட்டேன்.

— வக்கீல் சார் உக்காந்திருக்காரு. அவர் முன்னாடியாவது ஒழுங்கா பேசு.

— வணக்கம் வக்கீல் சார். தம்பி அக்காவக் கிண்டல் பண்ணா அதுக்குமா சட்டம் இருக்கு?

— அதாவது சார், கொள்கை அளவில், நிறுவனத் தலைவர் குறித்த செய்தி என்பதால் நான் உடனிருப்பது நல்லது.

— கிண்டலா அது? ‘நம்ம தலைவலி இன்னைக்குப் பேசினதக் கேட்டியா? லிஃப்ட்டுக்குள்ள வர்ற குரல் மாதிரியே இருக்கு. நாலாவது மாடி. கதவு மூடுகிறது. தள்ளி நில்லுங்கள்.’

— தலைவின்னுதான்க்கா அடிச்சேன். நடுவுல ஒரு எழுத்து பூந்துருச்சு.

— லிஃப்ட்டும் தானா பூந்துச்சா?

— லிஃப்ட்டு நான் போட்டது. ஒத்துக்கறேன். ஆனா ஒன்பதே செகண்ட். பாத்த உடனே வாபஸ் பொத்தான அமுக்கிட்டேன். ஒருத்தன் கண்ணாடியத் தொடச்சு மாட்டறதுக்குள்ள போயிருக்கும். யாரு படிச்சிருக்கப் போறா? ஆமா... நீ எப்படிப் படிச்ச?

— என்ன?

— பத்து பத்துக்கு அனுப்பினேன். அதே பத்து பத்துக்கு வாபஸ் வாங்கினேன். நீ முதலீட்டாளருங்களோட மீட்டிங்ல இருந்த. அவங்க முன்னாடி போனத் தொடவே மாட்ட. வெளில வந்தது பதினோரு மணிக்கு. இப்போ வரிக்கு வரி ஒப்பிக்கற!

— யாராவது சொல்லியிருப்பாங்க.

— சொன்னவன் அந்த ‘லி’ய விட்டிருப்பான்க்கா. பயத்துலயாவது விட்டிருப்பான்.

— அதாவது சார், அது மேற்பார்வைப் பிரதியில் வழக்கம்போல...

— வக்கீல் சார்!

— என்ன பிரதி?

— ஒண்ணுமில்ல. இங்க பாரு, பேச்ச மாத்தாத.

— இப்பதான் பேச்சே ஆரம்பிக்குது. வக்கீல் சார், பாதில நிறுத்தாதீங்க. என்ன பிரதி?

— கொள்கை அளவில், திரும்பப் பெறப்பட்ட செய்திகளின் நகல், அந்தந்த அலுவலக மேலாளரின் திரையில், குறிப்பிட்ட காலத்துக்கு...

— தமிழ்ல சொல்லுங்க.

— தமிழில்தான் சார் சொல்கிறேன்.

— சரி, நான் சொல்றேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. ஒருத்தன் எதையோ எழுதி அனுப்பிடறான். ஐயய்யோன்னு வாபஸ் வாங்கறான். அவன் திரைல ‘நீக்கப்பட்டது’ன்னு வருது. மத்தவங்க திரைலயும் போயிருது. மேலாளர் திரைல மட்டும் அப்படியே நிக்குது. அக்கா, இந்த மனுஷன் தலைய ஆட்டறாரு!

— இங்க பாரு, பெரிய நிறுவனங்க எதிர்பாக்கறாங்கடா. ஒரு முழுமையான, நம்பகமான, பொறுப்புள்ள பணிச்சூழலுக்கு...

— நாலாவது மாடி. கதவு மூடுகிறது.

— அறைஞ்சேன்னா தெரியும்!

— அறை. அதயாவது நேரா பண்ணு. நம்ம ஆபீஸ்ல மட்டுமா, நம்மகிட்ட இந்த மென்பொருள வாங்கின எல்லா ஆபீஸ்லயுமா?

— எல்லா இடத்துலயும்தான்.

— அடப்பாவி அக்கா! அந்தப் பொத்தானக் கேட்டதே நீதான், ஞாபகம் இருக்கா? தகரப் பட்டறைக்கு மேல ஒத்த ரூம். கீழ நாள் பூரா டங்கு டங்குன்னு அடிப்பாங்க. ஆறடி தள்ளி உக்காந்து நீ பேசறது எனக்குக் கேக்காது. காது கேக்காமத்தான இத ஆரம்பிச்சோம்! நீ ஒண்ணு தட்ட, நான் ஒண்ணு தட்ட, ‘தட்டு’ன்னே பேரும் வெச்சோம்.

— மொத வருஷம் பூரா, சாப்பாட்டுத் தட்டு மொத்தமா கிடைக்குமான்னு போன் வந்துச்சு.

— சிரிக்காத. நீ சிரிச்சா எனக்கும் சிரிப்பு வந்துரும், நான் கோவமா இருக்கேன். அப்போ அனுப்பற பொத்தான் ஒண்ணுதான் இருந்துச்சு. ஒரு நாள் சண்டைல என்னை ‘உதவாக்கரை’ன்னு அடிச்சிட்ட. அடிச்ச வேகத்துல எந்திரிச்சு ஓடி வந்து, நான் படிக்கறதுக்குள்ள என் திரையக் கையால மூடின. ‘சொன்னதத் திரும்ப எடுத்துக்க ஒரு வழி பண்ணுடா’ன்ன. ரெண்டு நாள் உக்காந்து பண்ணேன். மொதல் மொதல்ல வாங்கின அச்சகத்துக்காரர் எதுக்கு வாங்கினாரு? ‘இதுல கோவத்தக்கூடத் திருப்பி எடுத்துக்கலாம் சார்’னு நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு.

— அது பன்னெண்டு பேர் இருந்த அச்சகம்டா. இப்போ ஒன்பதாயிரம் ஆபீஸ். ஆஸ்பத்திரி, பேங்க், கப்பல் கம்பெனி. யாரு சீட்ல இருக்கான்னு தெரிய பச்சைப் புள்ளி வெச்சோம். நீ வாயே தொறக்கல. யாரு எவ்ளோ நேரம் தட்டினான்னு வாராவாரம் அறிக்கை குடுத்தோம். அப்பவும் தொறக்கல. இப்போ மட்டும் என்ன?

— தொறக்கல. நான் ஒரு தூங்குமூஞ்சி. மொதல்ல என்ன விக்கறோம்னு கேட்டா ‘பேசிக்கறதுக்கு ஒண்ணு’ம்ப. அப்புறம் அது ‘குழுத் தொடர்புத் தளம்’ ஆச்சு. இப்போ வாசல் பலகைல ‘உழைப்பு நுண்ணறிவு’ன்னு போட்டிருக்கு. அதப் பாத்துட்டு வேற யாரோ ஆபீஸ்னு ஒரு நாள் திரும்பிப் போயிட்டேன். அதெல்லாம்கூட போகட்டும். இந்தப் பொத்தான் நான் எழுதினது. அது மேல சத்தியம் பண்ணியிருக்கேன்.

— யார்கிட்ட?

— மருந்துக் கிடங்குல பெட்டி அடுக்கற ஒரு அம்மாகிட்ட. போன மாசம் போன் பண்ணிச்சு. ஒல்லியால சமாளிக்க முடியல, லைன எனக்கு மாத்திட்டான். மேற்பார்வையாளன் தோள்ல கை வெக்கறான்னு கூட வேலை செய்யறவங்களுக்கு நம்ம தட்டுல எழுதியிருக்கு. எழுதின கையோட பயந்துபோய் வாபஸ் வாங்கிருச்சு. மறுநாள் காலைல, இனிமே வராதன்னுட்டாங்க. ‘யாருமே படிக்கலயே சார், எப்படித் தெரிஞ்சுது’ன்னு அழுதுது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

— என்ன சொன்ன?

— ‘அம்மா, அந்தப் பொத்தான எழுதினவனே நான்தான். வாபஸ் வாங்கினா வாங்கினதுதான். பக்கத்துல இருந்து யாராவது எட்டிப் பாத்துப் போட்டுக் குடுத்திருப்பாங்க’ன்னேன். நெஞ்ச நிமித்திட்டுச் சொன்னேன்க்கா! பக்கத்துல யாரு? பதினாறு வருஷ சிநேகிதி. இப்போ ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்ல. வேலையப் பறிச்சது கிடங்குக்காரங்க. சிநேகிதத்தப் பறிச்சது நான்.

— இது எனக்குத் தெரியாதுடா.

— இப்போ தெரிஞ்சுதுல்ல? நான் அந்தம்மாவுக்குப் போன் பண்ணி உள்ளதச் சொல்லப் போறேன்.

— அதாவது சார், அது உசிதமில்லை. நிறுவனம் ஒரு தவறை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

— தவறுதான சார்?

— கொள்கை அளவில் அது தவறில்லை சார். மென்பொருளின் ஓர் அம்சம்.

— ரொம்ப அம்சமா இருக்கு சார்.

— ஒப்பந்தத்தின் மூன்றாம் பின்னிணைப்பில் தெளிவாகவே குறிப்பிட்டிருக்கிறோம்.

— அந்தம்மா பின்னிணைப்பப் படிச்சிட்டா பெட்டி தூக்கப் போச்சு? அக்கா, நீ சொல்லு. இத யாரு கேட்டா? எந்தக் கம்பெனி? பேரச் சொல்லு.

— பல தரப்புலேர்ந்தும் ஒரு எதிர்பார்ப்பு இருந்ததால...

— பேரு!

— கலந்து பேசி, படிப்படியா...

— மூஞ்சியப் பாத்துப் பேசுக்கா! சின்ன வயசுல என் சைக்கிள முட்டுச் சுவத்துல விட்டு நெளிச்சப்பகூட, ‘ஆமா, நான்தான், என்னங்கற இப்போ’ன்னு நேரா சொன்னவ நீ. ஒரே ஒரு கேள்வி. யாரு கேட்டா?

— வக்கீல் சார், கொஞ்சம் வெளில இருங்க.

— அதாவது மேடம், நான் இல்லாத நேரத்தில் நீங்கள் எதையும்...

— வெளில இருங்க. கதவச் சாத்திட்டுப் போங்க.

— போயிட்டாரு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நம்ம உதட்டப் படிக்கறாரு. நீ சொல்லு.

— எந்தக் கம்பெனியும் கேக்கல. நான்தான் பண்ணச் சொன்னேன். விக்கறவங்க அதப் பாத்துட்டுப் பின்னாடிதான் வித்தாங்க. நான் தடுக்கல.

— நீயா? எதுக்கு?

— நீ அந்தம்மாவுக்குப் போன் பண்ணு. என் பேரச் சொல்லு. வேலைக்கு என்ன பண்ண முடியும்னு நானே அந்தக் கிடங்குக்குப் போய்ப் பேசறேன். அந்தப் பிரதிய இன்னைக்கே எடுக்கச் சொல்றேன், எவன் கத்தினாலும் கத்தட்டும். ஆனா சொல்றதுன்னா முழுசா சொல்லு. மொதல் மொதல்ல நான் யாரோடதப் படிச்சேங்கறதயும் சேத்துச் சொல்லு.

— யாரோடது?

— அஞ்சு வருஷம் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். எனக்கு ஒண்ணு அனுப்பின. நான் கார் ஓட்டிட்டிருந்தேன். ஓரமா நிறுத்தி எடுத்தா, காணோம். போன் பண்ணி என்னடான்னு கேட்டா ‘கை பட்டுருச்சு’ன்ன. பொய் சொல்றப்ப நீ மூக்கால பேசுவ. மறுநாள் ஆபீஸ் வந்ததும் சர்வர் ரூமுக்குப் போய், இந்த ஒண்ண மட்டும் எடுத்துத் தாங்கன்னேன். தந்தாங்க. அந்த ஒண்ண எடுக்கன்னுதான் தொறந்தது. அப்புறம் மூட மனசு வரல.

— அதப் படிச்சிட்டியா?

— படிச்சேன்.

— அக்கா, இரு... அந்தத் திங்கக்கிழமதான் நீ என் மேஜைக்கு வந்த. அத்தன பேர் முன்னாடியும் தோளப் பிடிச்சிக்கிட்டு, ‘இவன் இல்லன்னா இந்தக் கம்பெனியே இல்ல’ன்ன. வேற எடத்துல வேலைக்குச் சரின்னு சொல்லிட்டு வந்தவன், அன்னைக்கு மதியமே அவங்ககிட்ட வரலன்னு சொல்லிட்டேன். அஞ்சு வருஷமா அந்த ஒரு வார்த்தைலதான்க்கா என் வண்டி ஓடுது. அது நீயா வந்து சொன்னது இல்லயா?

— ‘நான் இருந்தா என்ன, போனா என்ன, உனக்குத் தெரியவா போகுது’ன்னு எழுதி வாபஸ் வாங்கியிருந்த. நான் அதுக்குப் பதில்தான்டா சொன்னேன்.