பறிக்குள் ஒரு முகவரி

இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பிட்டால் உதடு வீங்கிவிடும். அம்மணி பிடித்ததில் எனக்குப் பங்கு எதுவும் இருந்ததில்லை என்பதை, ஐயா, வாக்குமூலத்தில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீரில் குந்தி இரு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. அதன் கயிறு கழுத்தில் கிடக்கும், விளிம்பு பல்லில் இருக்கும். அந்தப் பறியில்தான் எங்கள் நிறுவனம் கருவியைக் கட்டியது. தீப்பெட்டி அளவு. நீரின் உப்பையும் சூட்டையும் சொல்லும், இருக்கும் இடத்தைச் சொல்லும். ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தானும் உண்டு. வாயில் பறியை வைத்துக்கொண்டு கத்த முடியாதல்லவா. அழுத்தினால் என் கைபேசி அடிக்கும். நான் சொன்னால் கரையிலிருந்து கிருஷ்ணனின் படகு போகும். பொத்தான் என் யோசனை.

ஒவ்வொரு கருவிக்கும் இணையத்தில் சொந்த முகவரி கொடுத்தேன். உலகின் எந்த மூலையிலிருந்தும் யாரும் அதை நேராகக் கூப்பிடலாம், அதிலுள்ள சிறு விளக்கை எரியவைக்கலாம், ஆபத்து மணியைக்கூட அடிக்கலாம். என்னுடன் வேலை செய்யும் மாலா, "நடுவுல ஒரு கதவு வெச்சிடலாம் சார், கண்டவனும் தட்டுவான்" என்றாள். கருவிகளுக்குள்ளும் தீண்டாமையா என்று கேட்டேன். அந்தப் பெண்களின் குடிசைகளுக்குக் கதவெண் கிடையாது. அது வேறு துறை.

தன் பறியில் கருவியைக் கட்டிய அன்றே அம்மணி கேட்டாள்: "இன்னா சாரு, வாயில பறி, பறியில உன் பொட்டி. நான் தும்முனா கூட உனுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். அதில் அவளுக்குச் சற்று ஏமாற்றம்.

எங்கோ பனி பெய்யும் நாட்டிலிருந்து ஒருவர் அவள் கருவியின் விளக்கை அடிக்கடி எரியவைத்துப் பார்ப்பார். "உன் ஆளு கண்ணடிக்கிறான் பாருடி" என்று பக்கத்தில் துழாவும் வினோதினி கேலி செய்வாள். சிரித்தால் பறி விழுந்துவிடும். அம்மணி பல்லை இறுக்கிக்கொள்வாள். திட்டம் மக்களை நெருங்கிவிட்டதற்கு இதை உதாரணமாக எழுதினேன்.

மூர்த்தியும் பார்த்தான். வலைப்படகு வைத்திருப்பவன். அம்மணியின் பறி ஓரிடத்தில் நெடுநேரம் நின்றால் அங்கே இறால் இருக்கிறது என்று கைபேசியிலேயே கண்டுகொண்டான். அவன் வலையை இழுத்துக்கொண்டு போனபின் அவளுக்குச் சேறு மிஞ்சியது.

"அத்த அவுத்துடு சாரு" என்றாள்.

"உலகமே பாக்குதும்மா."

"உலகம் பாக்கட்டும். மூர்த்தி பாக்க வோணாம்."

உலகத்திலிருந்து ஒருவரை மட்டும் கழிப்பது என் கொள்கைக்கு ஒவ்வாது. கருவியை அவிழ்த்தால் திட்டத்தில் தரும் அரிசி நின்றுவிடும் என்பதையும் சொன்னேன். மிரட்டவில்லை. விதியைச் சொன்னேன்.

அதனால் அவள் மூர்த்தியின் வலை வராத இடத்துக்குப் போகத் தொடங்கினாள். முகத்துவாரத்தில் கல் கொட்டிய இடம். அங்கே வலை கிழியும். பக்கத்திலேயே தூர்வாரிய பள்ளம். வினோதினி வரமாட்டேன் என்றுவிட்டாள். அம்மணி தனியாகப் போனாள்.

அன்று காலை நான் சென்னையில் ஓர் ஓட்டல் அரங்கில் பேசிக்கொண்டிருந்தேன். பின்னால் திரையில் அம்மணியின் கருவி அந்த நேரத்தில் அனுப்பும் அளவுகள். கைபேசி அதிர்ந்தது. ஆபத்து மணி. வெளியார் வேடிக்கைக்கு அடிக்கும் மணிகள் நிறைய வரும் என்பதால் ஒலியை ஏற்கெனவே அடக்கிவைத்திருந்தேன். எடுத்துப் பார்த்துவிட்டு அதிர்வையும் அடக்கினேன். திரையில் அவள் இருக்குமிடத்தைக் காட்டும் புள்ளி அங்குமிங்கும் துள்ளியது. பிறகு நின்றது. நீரின் சூடு மாறவேயில்லை.

"அளவு எவ்வளவு நிதானமாக நிற்கிறது பாருங்கள்" என்றேன்.

கைதட்டினார்கள்.

பறி மிதக்கும், ஐயா. ஓலைதானே.

பிற்பகலில் வினோதினி கூப்பிட்டாள். அம்மணியின் உடலைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள் என்றாள். பிறகு, "மணி அடிச்சுதா சாரு?" என்றாள்.

அடித்தது என்றேன். பொய் சொல்வது என் வழக்கமில்லை. கருவி தவறவில்லை என்று அறிக்கையிலும் எழுதினேன்.

"அப்ப ஏன் சாரு யாரும் வரல?"

அந்தக் கேள்வி கருவியைப் பற்றியதல்ல. அதனால் அறிக்கையில் இல்லை.

யாரோ வெளியார் அடித்தார்கள் என்று நினைத்தேன் என உங்களிடம் சொல்லிவிடலாம். மாலா அப்படித்தான் நம்புகிறாள். ஆனால் வெளியார் அடித்தால் அவர்களுடைய முகவரியும் மணியோடு வரும். கையால் அழுத்தினால் வராது. அப்படி அமைத்தவன் நான். அன்று வந்த மணியில் வேறு முகவரி இல்லை. பார்த்தேன். அவள்தான் என்று தெரிந்தது. கிருஷ்ணனைக் கூப்பிட வேண்டுமானால் பேச்சை நிறுத்திவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும். காட்டுவதற்கு இன்னும் இரண்டு படங்கள்தான் பாக்கியிருந்தன.

கருவி உங்கள் மேசை இழுப்பறையில் இருப்பதாகச் சொன்னீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்லும். யார் கூப்பிட்டாலும் சொல்லும். மனிதர்களிடம்தான் அந்தக் குணம் குறைந்துகொண்டே வருகிறது.