மீசை மழிக்க வேண்டாத ரதி

பசறையிலிருந்து பதுளை போகும் பஸ்ஸில் டிரைவர், கண்டக்டர், கோழிக்கூடையோடு ஒரு பெரியவர், யாழ்ப்பாணத்துத் தபால் கந்தோர் ஐயா, தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இருவர், இன்னும் சிலர், பின் சீட்டில் நான்.

"இந்த வருசம் ரதிக்கு மீசை மழிக்க வேணாம்," என்றாள் மூத்தவள்.

பெரியவர் திரும்பினார். "காமன் கூத்துல ரதி வேசம் ஆம்பளதானே கட்டுவாங்க?"

"கட்டுறவரு கால் ஒடிஞ்சு கெடக்காருங்க. இவ அவரு மக. இவதான் ஆடப் போறா."

இளையவளின் மடியில் சலங்கைப் பொட்டலம் இருந்தது. "இன்னும் முடிவாகலக்கா. நாலு மணிக்கு, காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுக் களத்துல, கூத்து வாத்தியார் முன்னால ஆடிக் காட்டணும். கால் பிசகுனா இல்லன்னுருவாரு."

"பன்னெண்டு லயத்து வீட்டு வாசலுக்கும் ஆடிப் போகணுமே. பொம்பளையால முடியுமா?" என்றார் பெரியவர்.

"தெனம் கொழுந்துக் கூடையோட மலை ஏறுறது யாருங்க, உங்க கோழியா?" என்றாள் மூத்தவள்.

பஸ் முழுக்கச் சிரித்தது.

"பிள்ளைக்கு அடவெல்லாம் தெரியுமோ?" என்று தபால் ஐயா கேட்டார்.

"பத்து வருசமா அப்பாவுக்குச் சேலை கட்டிவிட்டது நாந்தானுங்க. அவரு மறந்த அடவ எடுத்துக் குடுக்குறதும் நாந்தான்."

தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் பஸ் நின்றபோது தப்புப் பறையின் சத்தம் கேட்டது. இளையவளின் கால் தானாகத் தாளம் போட்டது. மடியில் சலங்கை குலுங்கியது. இருவரும் இறங்கினார்கள்.

பெரியவரும் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"பதுளைக்குல்ல டிக்கெட் எடுத்தீங்க?" என்றார் கண்டக்டர்.

"கோழிய நாளைக்கு வித்துக்கலாம்."

தபால் ஐயாவும் குடையை எடுத்தார். பிறகு மற்றவர்களும் எழுந்தார்கள்.

பதுளைக்கு டிக்கெட் எடுத்துவிட்டு அந்தத் தோட்டத்து முடக்கிலேயே இறங்கியவர்கள், என்னையும் சேர்த்து, ஒன்பது பேர்.