ஏழாம் பிளாக்கில் பிடித்த கடல் ஈ

மேடையில் வீற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எஸ்டேட் மேனேஜர் அவர்களே, சங்கத் தலைவர் காளியண்ணன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மரியசெல்வி அம்மா அவர்களே, கொட்டச்சேட்டிலிருந்தும் செம்மநத்தத்திலிருந்தும் மழையில் நனைந்துகொண்டே வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ரைட்டர் லாசரின் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். நால்வரும் மறைந்த பூச்சி மேஸ்திரி கிறிஸ்துதாஸ் அவர்களை விஞ்ஞானி என்றார்கள். மகிழ்ச்சி! உயிரோடு இருந்தபோது இதே வாய்கள் அவரை எப்படிக் கூப்பிட்டன? ‘ஈ மேஸ்திரி’ என்றல்லவா கூப்பிட்டன? வேளாங்கண்ணிக்குப் போக நான்கு நாள் லீவு கேட்டு ஆபீஸ் வாசலில் நின்றாரே, அப்போது எந்த வாய் அவருக்காகப் பரிந்து பேசியது? கோபத்தில் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபப்பட எனக்கு யோக்கியதை கிடையாது. அது ஏன் என்று சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

அவர் வேலை உங்களுக்குத் தெரியும். காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கும் வண்டைத் தேடுவது. செடி செடியாகத் தட்டிப் பார்ப்பார், காது வைத்துக் கேட்பார். பிடித்த வண்டைக் கண்ணாடிக் குழாயில் போட்டு என் மேஜையில் வைப்பார். ஆராய்ச்சி நிலையத்துக்கு அனுப்ப எஸ்டேட் பெயர், பிளாக் நம்பர், உயரம் என்று ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு உண்டு. அவருக்கு ஆங்கிலம் எழுத வராது. நிரப்பி ஒட்டுவது நான். இருபது வருடம் அந்தச் சீட்டை நிரப்பிய கை இது.

1976 செப்டம்பர். நம் ஊர் பஸ் வழக்கம்போல வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போனது. எல்லோரும் மொட்டை போட வரிசையில் நின்றபோது இவர் மட்டும் கடற்கரையில் குப்புறப் படுத்துக்கொண்டார். நம் தங்கம்மா கேட்டது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது: “ஏனுங்க மேஸ்திரி, மாதாவைப் பாக்க வந்தீங்களா, மண்ணைப் பாக்க வந்தீங்களா?”

“மாதா எனக்காகக் காத்திருப்பாங்கொ. இது காத்திருக்காதுங்கொ” என்றார்.

எது? ஓர் ஈ! அரிசிமணியில் பாதிகூட இல்லாத சாம்பல் நிற ஈ. அலை ஏறுவதற்கு முன்னால் நண்டு தன் வளையை மணலால் மூடிக்கொள்ளும். அது மூடி முடிப்பதற்குள் இந்த ஈ உள்ளே நுழைந்துவிடும். தண்ணீர் வடிந்து நண்டு வாசலைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது ஈதான். வளை வாசலில் நின்று இரண்டு முறை சிறகை விரிக்கும், அப்புறம்தான் பறக்கும். யார் கண்டார்கள் இதை? படித்தவர்கள் எத்தனை பேர் அந்த மணலில் நடந்திருப்பார்கள்! ஐந்தாம் வகுப்போடு நின்ற நம் கிறிஸ்துதாஸ் கண்டார். அவர் மனைவி மரியசெல்வி அம்மா கறுப்புக் குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று நாளும் பக்கத்தில் நின்றார். மேஸ்திரி சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன் நான்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆறு ஈக்களை என் மேஜையில் வைத்து, “நொம்பப் புதுசா இருக்குதுங்க ரைட்டரே. பெரிய எடத்துக்கு அனுப்பிக் கேளுங்கொ” என்றார். கேட்டேன். வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்துக்குக் கடிதம் அடித்தேன். குழாய்களுக்குச் சீட்டு ஒட்டினேன். எந்தச் சீட்டு? வண்டுக்கு ஒட்டுகிற அதே சீட்டு! நிரப்பிப் பழகிய கை நிரப்பியது. கொட்டச்சேடு, ஏழாம் பிளாக், நாலாயிரத்து ஐந்நூறு அடி. கடிதத்திலாவது கடல் என்று எழுதினேனா? ஈயின் நடத்தையை அழகாக வர்ணித்தேன், ஊர்ப் பெயரை விட்டுவிட்டேன். சீட்டில்தான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ‘கடல் நண்டு வளையில் வாழும் ஈயைக் காப்பித் தோட்டத்தில் பிடித்ததாக எழுதியிருக்கிறீர்கள். பொய்த் தகவலோடு எங்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம்.’ படித்த உடனே தெரிந்துவிட்டது, தப்பு என்னுடையது என்று. இன்னொரு கடிதம் எழுதியிருந்தால் முடிந்திருக்கும். எழுதினேனா? எஸ்டேட் சீட்டை வெளி வேலைக்கு எடுத்தது தெரிந்தால் வேலை போய்விடுமே என்று பயந்தேன். தப்பே செய்யாத ரைட்டர் என்ற பேரும் போய்விடுமே! கடிதத்தைப் பைலுக்கு அடியில் சொருகினேன். அவரிடம், “ஏற்கெனவே தெரிஞ்ச ஈயாம் மேஸ்திரி” என்றேன்.

“அப்படீங்களா. செரி, தெரிஞ்சவங்க இதெல்லாம் பாத்திருப்பாங்களான்னு தெரியலீங்களே” என்றார். அடுத்த வருடமும் போய்ப் படுத்தார். அதற்கடுத்த வருடமும் படுத்தார். ஊரே அறிந்த ஈக்காக ஒரு மனிதன் மண்ணில் கிடக்கிறானே என்று நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை உங்கள் வாயில் வைத்தவன் நான்.

1986இல் மாணவர்களோடு மலையேறி வந்த ஒரு கல்லூரி ஆசிரியர், வேளாங்கண்ணிக் கரையிலிருந்து புது ஈ ஒன்றுக்கு முந்தின வருடம்தான் பெயர் வைத்தார்கள் என்றார். நண்டு வளையில் புகுமாம், வாசலில் நின்று சிறகை விரிக்குமாம்! கிறிஸ்துதாஸ் அவரை நேராக என் ஆபீசுக்கு அழைத்து வந்து, “அந்தப் பழைய பதிலைக் கொஞ்சம் எடுங்க ரைட்டரே” என்றார். எடுத்தேன். வேறு வழி? ஆசிரியர் அதைப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் அச்சில் வந்த பெயர்தான் நிற்கும், இனி மாற்ற முடியாது என்றும் சொன்னார்.

கிறிஸ்துதாஸ் என்ன சொன்னார் தெரியுமா? “ஏனுங்க ரைட்டரே, ஏழாம் பிளாக்குல எப்பங்க கடல் வந்துச்சு?”

அவ்வளவுதான். சிரித்துவிட்டு வண்டு தேடப் போய்விட்டார். வைதிருக்கலாம், காறித் துப்பியிருக்கலாம்! அதற்கப்புறம் ஐந்து வருடம் என்னோடு ஒரே பஸ்ஸில் வந்தார். போன செவ்வாய்க்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குப்பனூர் ரோட்டில் ஜீப்பில் மலையிறங்கியபோதும் என் தோளில்தான் சாய்ந்திருந்தார். அப்போதாவது மன்னிப்புக் கேட்டேனா? சேலம் போய்க் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஜீப் சேலம் போய்ச் சேர்ந்தது. அவர் போய்ச் சேரவில்லை.

மரியசெல்வி அம்மா, இதை அவர் உங்களிடம் சொல்லவில்லை என்பது இப்போது உங்கள் முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. ஊரில் என்னைக் காட்டிக்கொடுக்காத அந்த மனிதர், வீட்டிலும் காட்டிக்கொடுக்கவில்லை.

அவர் பணியைத் தொடர்வோம் என்று மேடையில் எல்லோரும் சபதம் செய்தீர்கள். எந்தப் பணி என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். கடிதம் ஒன்று எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ‘ஈக்கள் பிடிபட்ட இடம் வேளாங்கண்ணிக் கடற்கரை. முதலில் கண்டவர் கிறிஸ்துதாஸ். சீட்டைத் தப்பாக எழுதியவன் லாசர்.’ நாளை தபாலில் சேர்ப்பேன். ஈயின் பெயர் மாறாது. பொய்யன் என்று அங்கே கிடக்கிற பேராவது மாறட்டும்.

வருகிற திருவிழா பஸ்ஸில் அவர் நோட்டை எடுத்துக்கொண்டு போவேன். அவர் படுத்த மணலில் படுத்து, அவர் விட்ட பக்கத்திலிருந்து எழுதுவேன். எனக்கு யாரும் குடை பிடிக்க வேண்டாம், அம்மா. வெயிலிலேயே கிடக்கிறேன்.